நாற்பது நிமிடம்

ஐந்து மணிக்கு எழுந்தான். பல் தேய்க்கும் மூன்று நிமிடத்தில், கண்ணாடியில் ஒட்டியிருந்த சூத்திரங்களைப் படித்தான். ஐந்தேகால் முதல் ஏழு வரை தேர்வுப் பாடம். ஏழிலிருந்து ஏழரை வரை குளியல், ரொட்டி, சட்டைக்கு இஸ்திரி. எல்லாம் அவன் மனைவி போட்ட அட்டவணை. அவள் போய் மூன்று மாதமாகியும் அவன் அதில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை.

இருவரும் ஒரே வகுப்பு. கடைசி ஆண்டுப் படிப்பு ஒரு பக்கம், வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒரு பக்கம். இரண்டுக்கும் நேரம் எங்கே என்று அவன் கையைப் பிசைந்தபோது, கல்லூரிக்குப் பைக்கில் போகும் நாற்பது நிமிடத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். பின்னால் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். அவன் ஓட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஹெல்மெட்டில் ஒரு கொட்டு.

லாரி மோதியது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

அன்று தெருவே கூடி லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தது. அவனும் போய் மிதித்தான். காலுக்கடியில் பல் உடைந்தது தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

ஏழரைக்கு வாசலில் ஹாரன் சத்தம். அவள் அண்ணன். வண்டியில் ஒரு இரும்புக் குழாய் கிடந்தது. டிரைவர் ஜாமீனில் வந்து லாரி ஷெட்டில் வேலைக்கும் சேர்ந்துவிட்டானாம்.

"ஏறு மாப்ள."

வழியெல்லாம் ஒரே பேச்சு. 'எங்கண்ணன் இந்த லாரிக்காரனைச் சும்மா விடாது' என்று சொல்லிவிட்டுத்தான் தங்கை கண்ணை மூடினாளாம். மச்சான் அந்த இடத்திலேயே இல்லை. சாவு வீட்டில் யாரோ கிளப்பிய கதை நாளுக்கு நாள் சதை போட்டு, அவருக்கு வேதவாக்காகிவிட்டது. அவன் இதுவரை மறுத்ததில்லை. மறுத்தால், உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

ஷெட்டில் டிரைவர் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். மச்சானின் முதல் அடி முழங்கையில். பிளாஸ்டிக் ஸ்கேல் ஒடிவது போல ஒரு சத்தம். அடுத்தது விலாவில். டிரைவர் லாரிக்கு அடியில் புகப் பார்த்தான். மச்சான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். முகம் சிமென்ட் தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. ஷெட் ஆட்கள் ஸ்பேனரும் கையுமாக நின்றார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை.

"நான் என் பக்கத்துலதான் வந்தேன். உங்காளுதான் குறுக்க வந்துட்டாரு," என்றான் டிரைவர், பல்லில்லாத வாயால்.

"கொன்னதும் இல்லாம, பழியைத் தூக்கி எங்க மேலயே போடுறியா?" மச்சான் காறித் துப்பினார். குழாயை அவனிடம் நீட்டினார். "தலை உன் பங்கு மாப்ள."

அவன் வாங்கிக்கொண்டான். குழாய் ஈரத்தில் வழுக்கியது. கீழே கிடந்தவன் ஒரு கையால் தலையை மறைத்தான். மறு கையைத் தூக்க வரவில்லை. ஓங்கி ஒன்று போட்டால் தீர்ந்தது. அன்று லாரி மோதியதைப் பார்த்தவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

"மச்சான், அவ அப்படிச் சொல்லல."

"அப்ப என்னடா சொன்னா?"

குழாயை மச்சான் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு கேள்வி கேட்டா. டக்குனு பதில் சொல்லிட்டேன். சிரிக்கிறாளான்னு திரும்பிப் பாத்தேன். அப்பதான் சொன்னா, 'என்னைப் பாக்காதடா, ரோட்டைப் பாரு.'"