பதினான்காம் விதியின் வரைவு

1

இந்தக் கதை விடுபட்ட ஓர் எண்ணிலிருந்து வந்தது. வேறெதையோ தேடப்போய், வீட்டிலிருந்தே வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் இணைய மன்றம் ஒன்றின் விதிகள் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். பதின்மூன்றாம் விதிக்கு அடுத்து பதினைந்து. யாரோ ஒன்றை எழுதி, எடுத்திருக்கிறார்கள். அது ஒரு பெண் என்று ஏன் தோன்றியது? தெரியவில்லை. அழித்துவிட்ட பிறகும் இடத்தை நிரப்ப மனம் வராதவர்கள் எனக்குப் பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "கணவர் இறந்த பிறகு அவருடைய மன்றத்தை அவள்…"

வேண்டாம். இறந்த கணவர்கள் எழுத வசதியானவர்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள். இவர் உயிரோடு இருக்கட்டும். லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். மன்றத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுபெற்றதிலிருந்து அவர் தானாக எழுந்து போய் உட்காரும் நாற்காலி அது ஒன்றுதான்.

அவள் மன்றத்தின் நெறியாளர். அவருக்கு உதவப்போய்த் தொற்றிக்கொண்ட வேலை, இப்போது அவளுடையதாகிவிட்டது. இப்போது யாரும் விற்காத பழைய கருவிகளைப் பற்றிய தலைப்புகளைப் பூட்டுவாள். திறக்காத இணைப்புகளை எடுப்பாள். ஆன்டெனா தலைப்புக்குள் வந்து மாடிவீட்டுச் சண்டையைக் கொட்டுகிறவர்களை அரட்டைப் பகுதிக்குத் தள்ளுவாள். சட்டம் மாறினால் விதியைத் திருத்துவாள். வீட்டில் அவள் சொல்வதை யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்பதில்லை என்று

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.)

3

எலக்ட்ரீஷியன் போன் செய்தான். மன்றத்தில் துடியானவன்.

"அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா கோவிச்சுக்குவேன். சொல்லு."

"ஞாயித்துக்கிழமை காலைல பேசறேன், கேட்டவங்க எழுதுங்கன்னு போட்டிருந்தேன்ல? நான் பேசவே இல்லக்கா. ரேடியோ செட்டையே ஆன் பண்ணல."

"அப்புறம்?"

"உங்க வீட்டு சார் அஞ்சு-ஒன்பதுன்னு எழுதியிருக்கார். குரல் கணீர்னு இருந்துச்சாம்."

அடிக்குறிப்பு: ஐந்து என்பது சொல்லின் தெளிவு, ஒன்பது ஒலியின் வலு. இரண்டிலும் அதற்கு மேல் கிடையாது. கொஞ்சம் கரகரத்தாலும் மரியாதைக்கு ஐந்து-ஒன்பது கொடுப்பது இவர்கள் வழக்கம். பேசாதவனுக்குக் கொடுப்பது வழக்கமில்லை.

"வேணும்னே பண்ணினியா?"

"ரொம்ப நாளா சந்தேகம்க்கா. சார் எல்லாருக்கும் அதே நம்பர்தான் குடுக்கறார். அத நம்பித்தான் நாங்க மாடியேறி ஆன்டெனாவத் திருப்பறோம். ஒரு விதி போட்டுருங்க. கேக்காதத கேட்டேன்னு எழுதினா மன்றத்தவிட்டு எடுத்துருவோம்னு. பேரெல்லாம் வேணாம்."

[இவனை வில்லனாக்கப் பலமுறை பார்த்தேன். நியாயத்தைப் பேசித் தொலைக்கிறான்.]

4

மறுநாள் காலை. அவர் சமையலறை வாசலை ஒட்டிய மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பைப் பார்த்தபடி, முகத்தைத் திருப்பாமல், எப்போதும் பேசுகிற குரலில் சொன்னாள்.

(முதலில் "நான் வீட்டை விட்டுப் போறேன்" என்று எழுதினேன். மலிவாக இருந்தது. அவள் இன்னும் குறும்புக்காரி.)

"என்னங்க, நேத்தே நான் செத்துப்போயிட்டேன்."

"ஆமாமா. நல்லதுதான்," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அடுப்பை அணைத்தாள். எத்தனை நாட்களின் ஆமாமா அது? தங்கை கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டபோது, மார்பில் கட்டி போலத் தெரிகிறது என்று ஒருமுறை பயந்து சொன்னபோது. நல்லதுதான் என்று அப்போதும் சொன்னார். கல்நெஞ்சு என்று நினைத்து அவரிடம் அன்றைக்கு மனதை மூடிக்கொண்டவள், பிறகு திறக்கவேயில்லை. மருத்துவரிடம் தனியாகப் போய், ஒன்றுமில்லை என்று தெரிந்து, தனியாகத் திரும்பியவள்.

5

பதினான்காம் விதியை எழுதிவிட்டாள். 'கேட்காததைக் கேட்டதாகப் பதிவிடுவோர் நீக்கப்படுவர்.' இன்னும் வெளியிடவில்லை.

முடிவு அ: வெளியிடுகிறாள். அவர் படிக்கிறார். ஹெட்போனைக் கழற்றி வைக்கிறார். அந்த நாற்காலியில் துணி மடித்து வைக்க ஆரம்பிக்கிறார்கள்.

முடிவு ஆ: அழிக்கிறாள். எலக்ட்ரீஷியன் விலகுகிறான், இன்னும் சிலர் விலகுகிறார்கள். பொய்யைக் காக்கும் மன்றத்துக்கு அவள் காவல்.

முடிவு இ: நேரில் சொல்கிறாள். இதைத்தான் அதிகம் எழுதிப் பார்த்தேன். ஆனால் அவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். "உங்களுக்குக் காது கேக்கல" என்று தெருவுக்கே கேட்கும்படி. எந்தப் பெண்ணால் முடியும்? என்னால் முடியவில்லை, அவள் வாயில் எப்படி வைப்பேன்?

6

அதனால் அவள், நான் யோசிக்காத ஒன்றைச் செய்தாள். மன்றத்தின் தனிச்செய்தியில் லிஃப்ட்காரருக்கு எழுதினாள். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர்.

"எவ்வளவு நாளா கேக்கல உங்களுக்கு? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

படித்துவிட்டார் என்று திரை காட்டியது. பக்கத்து அறையில் நாற்காலி நகரவில்லை. பதிலும் திரையில்தான் வந்தது.

"ரேடியோவுலதான் கொஞ்சம் மந்தம். உன் குரல் மட்டும் எப்பவும் நல்லாக் கேக்குது."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அவள் எழுதிய விதிப்படி இதற்காகவே அவரை நீக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு எழுதிய ஒரே பதிவும் இதுதான்.

விரல், விதியை வெளியிடும் பொத்தானுக்கும் அழிக்கும் பொத்தானுக்கும் நடுவே நிற்கிறது. இதற்கு மேல் எனக்குத் தைரியமில்லை. நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள்.