சூசையப்பர் உறை

தையற்காரி கண்ணுக்கு ஒரு நூல் பிசகினாலும் தெரிந்துவிடும். தவக்காலத்தில் மூடிவைப்பதற்காக ஆலயத்துச் சுரூபங்களுக்கெல்லாம் ஊதா உறை தைத்தவள் நான்தான். விளிம்பு பீடத்தில் படாமல் ஒரு விரல் மேலே நிற்கும்படி பார்த்துப் பார்த்துத் தைத்தேன். சூசையப்பர் மட்டும் அச்சு அசலாக என் தம்பி உயரம். அளவெடுத்தபோதே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் தவக்கால வகுப்பு. உபதேசியார் சுவிசேஷம் வாசித்து ஒரு கேள்வி கேட்பார். பிறகு ஆளுக்கொரு மூடிய சுரூபத்தின் முன் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே பதில் சொல்ல வேண்டும். என் அக்காவுக்கு மாதா. மாதாவிடமும் தன் மருமகளைப் பற்றிக் கோள்தான் சொல்லியிருப்பாள். எனக்குப் பக்கவாசல் ஓரத்துச் சூசையப்பர்.

"இன்னும் யார மன்னிக்காம வெச்சிருக்கோம்?" இதுதான் முதல் கேள்வி.

என் தம்பியை. தூக்கக் கலக்கத்தில் அவன் ஓட்டிய காரில்தான் என் வீட்டுக்காரர் செத்தார். "அவன் பேச்ச எடுக்கிறவங்க யாரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று அன்றைக்கே சொந்தபந்தத்திடம் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வன்மத்தோடு உயிர்ப்புப் பெருவிழாவில் நற்கருணை அப்பம் வாங்க நாக்கு கூசியது. அதற்காகத்தான் வகுப்புக்கே போனேன்.

"மாட்டேன்" என்றேன் துணியைப் பார்த்து.

அடுத்த வாரம் விளிம்பு பீடத்தில் பட்டுக்கொண்டிருந்தது. துணி சுருங்கலாம், தானாக எப்படி நீளும்? அதற்கடுத்த வாரம் மடிந்து கிடந்தது. துணி நீளவில்லை, உள்ளே இருப்பவர்தான் தாழ்ந்துகொண்டே போகிறார் என்று பட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அழுதேன், திட்டினேன். "அவனும் அன்னிக்கே செத்திருக்கணும்" என்றுகூட ஒருநாள் சொன்னேன். வாய் இருக்கும் இடத்தில் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

கடைசி வகுப்பன்று மண்டியிட்ட ஆள் உயரம்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான் தெச்ச உறைய யாரு இப்படிக் குலைச்சது?" என்று உபதேசியாரிடம் சண்டைக்கே போனேன்.

அவர் விழித்தார். "சூசையப்பர் உறையா? அது அலமாரியில மடிச்சபடி இருக்கேம்மா. பெயிண்ட் அடிக்கப் போன சுரூபம் இன்னும் வரலியே."

"அப்ப நான் இத்தன நாள் யாரு முன்னால உக்காந்திருந்தேன்?"

"வெறும் பீடத்து முன்னாலதான். தம்பி செத்த துக்கம், தனியா அழட்டும்னு நாங்க விட்டுட்டோம்."

அக்காவைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தவக்காலம் ஆரம்பிச்ச சாம்பல் புதன் அன்னிக்குடி. காய்ச்சல். அவன் பேச்ச எடுக்காதேன்னு நீதானே சொன்னே?" என்றாள். "கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தான். சின்னக்கா வரலியா, சின்னக்கா வரலியான்னு."

திரும்பினேன். அது அப்படியே மண்டியிட்டிருந்தது. அவர்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. செத்தவனிடமே போய், செத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அதையும் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்திருக்கிறான்.

பீடத்துப் பக்கம் போனேன். பயம்தான். ஆனால் பயத்தைவிட அழுகை முந்திக்கொண்டது.

"போதும்டா. மன்னிச்சிட்டேன். எந்திரி."

துணி அசைந்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து மேலே ஏறின. விளிம்பு பீடத்துக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது, நான் தைத்த அளவு.

"யாருகிட்டடி பேசுறே?" என்றாள் அக்கா, எனக்குப் பின்னாலிருந்து.

"தம்பிகிட்டக்கா" என்றேன்.