சிட்அவுட்டுக்குள் சாரல்

உலகம்மாள் வீட்டு முன்வாசல் சிட்அவுட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தபோது உள்ளே இருந்த இரண்டை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஒன்று சாரல் மழை. இன்னொன்று அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன்.

கடைசிக் கண்ணாடியைப் பொருத்தியதும் தென்காசி முழுக்க வெயில் அடித்தது. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப் போட்டார்கள். சிட்அவுட்டில் மட்டும் மழை பெய்தது. மேற்குக் கண்ணாடியில் கிளம்பி, சாய்வாக வந்து, கிழக்குக் கண்ணாடியில் போய் விழுந்தது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கூழாகிவிட்டது. அதனால் படிப்பதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, நனையுதியளே."

"சாரல்னா நனையத்தான் செய்யும்."

அவர் அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. உலகம்மாளின் மகள் கல்யாணத்துக்கு அடித்தது. அதில் யார் யார் பேரோ இருந்தது. பந்தல்காரர் பேர்கூட இருந்தது. தாய்மாமன் பேர் இல்லை. ஆவுடையப்பன் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு சிட்அவுட்டில் நின்றுகொண்டு, உலகம்மாளின் புருஷன் குற்றாலிங்கத்தைப் பார்த்து, "இனி உன் வீட்டு வாசப்படிய மிதிச்சம்னா நான் மனுசனே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன கையோடு தெருப்பக்கம் திரும்பினார். நல்ல சாரல். அவரிடம் குடை இல்லை. சிட்அவுட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசப்படி சிட்அவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் சபதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

மறுநாளும் வந்தார். அப்புறம் தினமும் வந்தார். அவர் வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், உலகம்மாள் அந்தப் பக்கம் நிற்பாள். காப்பி மட்டும் படி தாண்டும். மகளுக்குப் பிள்ளை பிறந்தது, உலகம்மாளுக்குச் சர்க்கரை வந்தது எல்லாவற்றையும் இருவரும் அப்படியே பேசி முடித்தார்கள். ஒருமுறை அவர் கழுத்தை நீட்டி, "ஹால்ல அந்தப் பழைய சோபாதான் கெடக்கா?" என்று கேட்டார். உலகம்மாள் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

குற்றாலிங்கமும் அவரும் பேசிக்கொள்வதில்லை. "உங்க அண்ணங்கிட்ட ஃபேன் போடவான்னு கேளு" என்பார் இவர். "உன் மாப்பிள்ளகிட்ட வேண்டாம்னு சொல்லு" என்பார் அவர். ஒருவர் மூக்கை நீட்டினால் இன்னொருவருக்கு இடிக்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தபடி இதைச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வருஷச் சாரலில் அண்ணன் இரும ஆரம்பித்தார். உலகம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. சிட்அவுட்டை அடைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அடைத்தால் அதுவும் வீடாகிவிடுமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாசம் முந்திக்கொண்டால் மூளை பின்னால் மெதுவாகத்தான் வரும். அலுமினிய வேலை செய்கிற ஜெபமணியை வரவழைத்தாள்.

"மூணு காலத்துக்குத் தாங்கும், அக்கா. சாரல், அடைமழை, பனி. வெயில் காலத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. உள்ள இருந்தா வெந்துருவிய."

"வெயில் காலத்துல என்ன செய்யதுக்கு?"

"வேற வீட்டுக்குப் போயிருங்க."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. வேலை நடக்கும்போதும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஜெபமணி சொன்னபோது காலைத் தூக்கிக்கொண்டார். சொல்லாதபோது இறக்கிக்கொண்டார். தெருப்பக்கம் தரையில் அலுமினியப் பட்டை ஒன்றைப் பதித்து, அதன்மேல் கண்ணாடிக் கதவை ஓட விட்டார்கள். அப்போது நல்ல சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சீக்கிரம் முடித்தால் போதும் என்று இருந்தது.

அன்று ராத்திரி அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மறுநாள்தான் அந்தப் பட்டையைக் கவனித்தார்.

"ஏட்டி ஒலகு, இது என்ன?"

"கதவு ஓடுததுக்கு வச்சிருக்காக, அண்ணே."

"வாசப்படி மாதிரில்லா இருக்கு."

உலகம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

"நான் இத மிதிச்சேனா?"

"இல்ல அண்ணே. நீங்க உக்காந்திருக்கும்போதுதான் வச்சாக."

"அப்பம் சரி." அவர் கையை நீட்டி மழையைப் பிடித்துப் பார்த்தார். "மழ பெய்யுத எடம் வீடில்ல. வெளியதான். பெய்யுத வரைக்கும் நான் இங்கன இருக்கலாம். நின்னுட்டா வீடாயிரும், நான் கெளம்பணும். கெளம்பிட்டா பொறவு வர முடியாது. படி இருக்கு."

பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் உலகம்மாள் சமாதானம் பேசியிருப்பாள்.

ஜெபமணிக்குப் போன் போட்டாள். அவர் வந்து வெளியே வெயிலில் நின்று உள்ளே பெய்கிற மழையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடியத் தாண்டி மழ வராதுன்னு சொன்னேன். தாண்டிச்சா?"

"தாண்டல."

"பொறவு என்னக்கா குறை?"

"அந்தப் பட்டைய மட்டும் எடுத்துருங்களேன்."

"அதுலதான் மொத்தக் கண்ணாடியும் நிக்கி. எடுத்தா எல்லாம் வந்துரும். மழயும் வெளிய போயிரும்."

"அண்ணன்?"

"மழ போனா அவுகளும் போயிருவாகல்லா?"

உலகம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் சட்டையைப் பிழிந்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எப்பம் நிக்கும்?"

"சீசன் முடிஞ்சா தன்னால நிக்கும். எல்லா வருசமும் அப்படித்தான?" என்று சொல்லிவிட்டு ஜெபமணி போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நாற்காலியில்தான். ஈரத்தில் ஊறிய பலகை உப்புவதுபோல் சிட்அவுட்டும் நாளுக்கு நாள் உப்பி நீண்டுகொண்டே போனது. முதலில் கை நீட்டினால் டம்ளர் எட்டியது. அப்புறம் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் காப்பியில் மழை விழுந்து டம்ளர் தளும்பும்.

"இன்னைக்கு டிகாக்ஷன் கம்மி."

"நாளைக்குத் திக்கா போடுதேன், அண்ணே."

"சீனியும் கம்மி."

குறை சொல்லியபடியே முழுவதையும் குடித்து முடிப்பார். திரும்பிப் பார்த்தால் வீட்டு நிலை தூரத்தில் தீப்பெட்டி அளவு தெரியும். அதில் குற்றாலிங்கம் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் வீட்டு வரிக்காக அளக்க ஒருவர் வந்தார். அலுமினியப் படியில் நின்று உள்ளே பார்த்தார். வீடென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், வெளி என்றால் கழற்ற வேண்டாம். அண்ணன் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாளும் பார்த்தாள். வந்தவர் வெகுநேரம் யோசித்து ஒரு செருப்பை மட்டும் கழற்றினார்.

அப்படியே நொண்டி நொண்டிப் போய் அளந்தார். போகப் போக அவர் உருவம் சின்னதாகி, திரும்பி வரும்போது பெரிதானது. முழுக்க நனைந்திருந்தார்.

"இப்பதைக்குப் பாதி வீடு. மழை நின்னதும் வாரேன். முழு வீடாப் போட்டுருதேன்" என்றார்.

"நிக்காம இருந்தா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"நிக்காத மழை எங்கம்மா இருக்கு?"

அன்று சாயங்காலம் அவள் குற்றாலிங்கத்திடம் சண்டைக்குப் போனாள்.

"அவுககிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? கிரீடம் எறங்கிருமா?"

"நான் என்ன செய்ய? அச்சடிச்சவன் விட்டுட்டான்."

"எழுதிக் குடுத்தது யாரு?"

குற்றாலிங்கம் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. அவருக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்றுதான் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

சீசன் முடிந்தது. குற்றாலத்தில் அருவி மெலிந்து பாறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்கள். மத்தியானம் சிட்அவுட்டில் சத்தம் குறைந்தது. உலகம்மாள் கையில் இருந்த வெண்டைக்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சிட்அவுட் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருந்தது. கை நீட்டினால் அண்ணனைத் தொட்டுவிடலாம். மழை தூறலாகிவிட்டது.

அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழ நேரம் பிடித்தது.

"ஏட்டி, என் துண்ட எடு."

"இன்னும் தூறுதுண்ணே."

"நிக்கப் போவுது."

"போனா வருவியளா?"

அவர் அலுமினியப் படியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் வேல செஞ்சிருக்கான் ஜெபமணி" என்றார்.

அண்ணன் நனையக் கூடாது என்றுதான் உலகம்மாள் இத்தனையும் செய்தாள். கடைசியில் அண்ணனே இல்லாமல் போகப் போகிறார். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி மடக்கிப் பழகிவிட்டதால் உடனே எழ முடியவில்லை.

அவள் அடுப்படிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். மேற்குக் கண்ணாடி ஓரமாக நின்றாள். இடுப்பில் சேலையைச் செருகினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் காலையில் வாசல் தெளித்த கை அது. கை நிறைய அள்ளி, சாய்வாக, ஒரே சீராகத் தெளித்தாள். தண்ணீர் அண்ணனின் முகத்தில் விழுந்து, தாடை வழியே இறங்கி, மடியில் சொட்டியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாளி தரையில் உரசுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் காது நல்ல காது.

"மறுபடியும் பிடிச்சிட்டுல்லா" என்றார்.

"ஆமாண்ணே."

"இப்பதைக்கு விடாது போல."

"விடாதுண்ணே."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாளி பாதியானபோது நிலைப்படியில் குற்றாலிங்கம் வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு குடம். தண்ணீர் தளும்பி வேட்டி நனைந்திருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். படியைத் தாண்டி வந்து குடங்களை இறக்கினார்.

"மச்சான், காலத் தூக்கிக்கிடுங்க. தண்ணி வருது."

ஆவுடையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் தூக்கிக்கொண்டார். "குத்தாலத்துல நல்ல மழை போல" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் பதில் சொன்னது குற்றாலிங்கம்தான்.

"ஆமா மச்சான். நல்ல மழை."

வெளியே வெயில் கொளுத்தியது. வரிக்கு அளப்பவர் மறுபடியும் வந்து, இரண்டு செருப்பையும் கழற்றாமல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். குற்றாலிங்கம் காலிக் குடத்தோடு உள்ளே ஓடினார். அண்ணன் தும்மினார். பிறகு பெரிதாக இருமினார். உலகம்மாள் அடுத்த கை அள்ளி அவர்மேல் தெளித்தாள்.