வரிசையில் நூற்று அறுபத்து நாலு பேர்

மார்ச் 9, ஞாயிறு

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. எனெலெசி அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர் என்று எழுதியிருக்கிறேன். நூற்று அறுபத்து நாலு. எண்ணிக்கொண்டு வந்த நானும் அந்த வரிசையில்தான் நின்றேன், என்னை விட்டுவிட்டேன். அந்த ஒன்று இன்று எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளிவாகும்.

எனெலெசி அக்கா எங்கள் வட்டாரத்தில் கைபம்பு பழுது பார்ப்பவர். கட்சியின் கவுன்சிலர் வேட்பாளராக விரும்புகிறார். நான் அவருடைய செயலாளர். அதாவது, மாலை வகுப்பு நோட்டின் பின்பக்கங்கள் அவருக்கு. எதிரி மக்வின்ஜா, பத்து வருடமாகக் கவுன்சிலர். அந்தப் பத்து வருடத்தில் அவர் திறந்து வைத்தது சந்தைக்கு ஒரு கழிப்பறை. ரிப்பன் வெட்டினார், கதவு இன்னும் வரவில்லை.

எங்கள் கட்சியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு கிடையாது. பள்ளி மைதானத்தில் போட்டியாளர்கள் நிற்க வேண்டும், ஆதரிப்பவர்கள் அவரவர் பின்னால் வரிசை கட்ட வேண்டும், தலையை எண்ணுவார்கள். யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்பதை ஊர்த் தலைவர் முதல் புருஷன் வரை எல்லோரும் கண்குளிரப் பார்க்கலாம்.

தேர்தலில் நிற்க விரும்பும் பெண்களுக்கு ஆதரவு தரும் அமைப்பு ஒன்று ஜனவரியில் தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்து, ஏரிக்கரை விடுதியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. மைக்கை எப்படிப் பிடிப்பது, தோளை எப்படி நிமிர்த்துவது, எந்த நிறம் நம்பிக்கை தரும். பதினொரு பக்கம் குறித்துக்கொண்டேன்.

"பயந்த பொம்பளைங்கள வரிசையில எப்படிங்க நிக்க வைக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

"அருமையான கேள்வி! எல்லாரும் கைதட்டுங்க," என்றார் பயிற்சியாளர். தட்டினோம்.

மறுநாள் வரிசை எண்ணும்போது கூட இருக்கச் சொல்லி வெள்ளிக்கிழமை அவர்களை அழைத்தேன். சனிக்கிழமை மகளிர் தினம், நகரத்தில் ஊர்வலம், எல்லா வண்டியும் அங்கே என்றார்கள்.

நேற்று மைதானத்தில் 'பெண்களே, முன்னே வாருங்கள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதன் கீழே நாற்காலிகளில் ஆண்கள். கட்சித் தலைவர் முகம் அச்சடித்த துணியை நாங்கள் இடுப்பில் கட்டியிருந்தோம்; நடக்க நடக்க அவர் எங்கள் பின்புறத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். வட்டாரச் செயலாளர் சிம்பலாங்கா மக்வின்ஜாவின் மைத்துனர். அவர் எழுந்தார்.

"அம்மாமாருங்களே, மாவட்டத்துலேருந்து விருந்தாளி வந்தாச்சு. ஆடுங்க! ஆடி முடிச்சதும் உங்களை எண்ணிக்கலாம்."

போன முறையும் இதையேதான் சொன்னார்கள். பறை நின்றபோது எண்ணிக்கை முடிந்திருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் போகிறவர் எப்போதும் எனெலெசி அக்காதான். விசில் அவரிடம். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் கால் பார்த்து ஆட வேண்டும். இரண்டு சுற்று ஆடினார். மூன்றாவது சுற்றில் நேராகத் தனக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் போய், ஒரே ஊதல் ஊதி நின்றார். பின்னால் எல்லோரும் நின்றார்கள். பறைக்காரன் கொஞ்ச நேரம் தனக்குத் தானே அடித்துக்கொண்டிருந்தான்.

"இது ஆட்டம்மா, வரிசை இல்ல!" என்று கத்தினார் சிம்பலாங்கா.

"ஆட்டத்த நிறுத்திட்டோம் ஐயா. நிக்கிறதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

நாற்காலியிலிருந்து ஒருவர் மனைவியைக் கூப்பிட்டார். "ஃபலேசி! இங்க வாடி!"

"எண்ணி முடிக்கட்டும், வர்றேன். என் இடுப்புல இருக்கறது உங்க தலைவரு. மொதல்ல அவர நகரச் சொல்லுங்க."

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எண்ணினார். மக்வின்ஜாவுக்கு நூற்று நாற்பத்தொன்று. எங்களுக்கு நூற்று அறுபத்து நாலு.

இன்று மதியம் கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் முடிவை உறுதி செய்ய வேண்டியிருந்தது. என் நோட்டையும் கேட்டார்கள். அதில் நூற்று அறுபத்து மூன்று. சிம்பலாங்காவின் முகம் கல்யாண வீடாயிற்று.

"அவங்க கணக்கே சரியில்ல. அந்த ஒருத்தி யாரு? வெளியூர்க்காரி! மொத்தமும் செல்லாது. அடுத்த சனிக்கிழமை மறுபடி நிப்போம்."

"அது நான்தான் ஐயா," என்றேன்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்மா? நீ இருக்கறதே உனக்குத் தெரியலையே!"

அறை முழுவதும் சிரித்தது. மறுபடி நிற்பது என்றால் புருஷன்மாருக்கு ஒரு வாரம் கிடைக்கும். பறையை மட்டும் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதிகாரி யோசித்து, நாளை நண்பகலுக்குள் நூற்று அறுபத்து நாலு பேரின் பெயர், ஊர், கைநாட்டு வேண்டும், ஒன்று குறைந்தாலும் மறுபடி நடத்தவேண்டியதுதான் என்றார். மக்வின்ஜாவின் நூற்று நாற்பத்தொரு பேரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அழுதேன். பம்பைக் கழற்றும்போது திருகு தொலைத்தவனைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார்.

"பத்து வருஷமா ஒரு கக்கூசுக்குக் கதவு மாட்டாதவன் வெக்கமில்லாம திரியறான். ஒண்ணு விட்டதுக்கு நீ அழுவுறியா? மூக்க தொடச்சிட்டு எந்த ஊர்ல எத்தன பேருன்னு எழுது."

சாயங்காலம் அந்த அமைப்பிலிருந்து அழைத்தார்கள். அறிக்கைக்குப் படம் வேண்டுமாம்; அக்கா அவர்கள் கொடுத்த சான்றிதழைப் பிடித்தபடி சிரிக்க வேண்டுமாம்.

"மை டப்பா இருந்தா கொண்டு வரச் சொல்லு, பேசலாம்," என்றார் அக்கா. இணைப்பு துண்டானது.

நாளை, திங்கள்: காலை ஐந்து மணிக்குப் பம்படியில் அக்காவைச் சந்திக்க வேண்டும். நோட்டு, இரண்டு பேனா, மை டப்பா. முதலில் ஃபலேசியின் வீடு, அவள் புருஷன் எழுந்திருக்கும் முன். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மூன்று ஊர்கள். பன்னிரண்டு மணிக்குள் மாவட்ட அலுவலகம். முதல் வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் நூற்று அறுபத்து மூன்று.