நாலாம் அறையில் முப்பத்துநாலு டிகிரி

சென்சார்காரன் பண்ணைக்குள் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அவனுடைய வேன் கேட்டைத் தாண்டி அரைமணி ஆவதற்குள் சென்சார்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்ளும். காளான் பண்ணையில் பத்து நாளாக இதுதான் நடக்கிறது.

"டாக்டர் படியிறங்கினதும் காய்ச்சல் ஏறுற மாதிரி இருக்கு தம்பி," என்றார் பண்ணைக்கார அக்கா. "பேசாம நீ இங்கேயே பாயைப் போட்டுக்கோயேன்."

வேனுக்குள்ளிருந்து மச்சான் சிரித்தான். வேனை ஓட்டுவது அவன் பொறுப்பு. கூடவே தங்கை புருஷனைக் கிண்டலடிப்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்கிற நேரமா இது?" அக்கா குரல் இறங்கியது. "சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ரயில். காலையில பொண்ணை ஆஸ்பத்திரியில சேர்க்கிறாங்க. முதல் பிரசவம். எட்டு வருஷமா ரெண்டு மணிக்கொரு தடவை தெர்மாமீட்டரோட ஆறு ரூமையும் சுத்துறேன். பேக்கிங் அண்ணன் அலாரம் அடிச்சா ஓடிவந்து கூலரைப் போடுவார். அடிக்கலைன்னா அவருக்கு எல்லாமே சௌக்கியம். நீ சரின்னா நான் போறேன். இல்லைன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போடுறேன்."

சென்சார்காரன் தலையைச் சொறிந்தான். காளான் முளைக்க வைக்கோல் அடைத்த பைகள் தொங்கும் அறைகளில் இருபத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். இருபத்தெட்டைத் தாண்டிச் சில மணிநேரம் போனால் ஒரு மாத உழைப்பும் குப்பைக்குழிக்குத்தான்.

அவன் போட்டுக்கொடுத்த ஏற்பாட்டில் அவனுக்கே கொள்ளை ஆசை. அறைக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு சென்சார். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. அதை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டிவிடும். எப்படி என்றால், அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி தூக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கண்விழித்து, வெப்பத்தைப் பார்த்து, கிசுகிசுவென்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும். அந்தக் கிசுகிசுப்பு ஆபீஸ் வரை எட்டாது. எட்டவும் வேண்டாம். நடைவழிச் சுவரில் சொருகியிருக்கும் பிளக்குகளுக்குக் கரண்ட் உண்டு, தூக்கம் கிடையாது. கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றி ஏற்றுவதுபோல ஒரு பிளக் அடுத்ததிடம் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்க, கடைசியில் ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஹப் என்ற பெட்டியின் கையில் எண் போய்ச் சேரும். ஹப் அதைத் திரையில் காட்டும்; வெப்பம் ஏறினால் அலாரம் அடிக்கும். இருபது நிமிஷம் ஒன்றிடமிருந்து தகவலே வராவிட்டால் அந்தக் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

பத்து நாள் முன்பு நாலாம் அறையின் உள்பக்கச் சென்சார் சாம்பலானது. பேட்டரி தீர்ந்திருந்தது, மாற்றினான். பின்பக்கப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் சென்சார் பழைய உறவை எல்லாம் மறந்து, புதிதாகச் சேர இடம் தேடும். ஆபீசில் ஹப்பின் சேர்க்கைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து அழுத்தினான். விளக்கு மூன்று தடவை சிமிட்டியது. சேர்ந்தாயிற்று. அவன் கைபேசியில் எண் வந்தது. போனான். அரைமணியில் செத்தது.

இரண்டாம் தடவை வந்தபோது அதோடு சேர்த்து பக்கத்தில் இருந்த மூன்றுக்கும் பொத்தானை அழுத்தினான். அவன் போனதும் நான்கும் போயின. ஒன்றைச் சரிசெய்ய வந்தவன் நான்கைக் கெடுத்துவிட்டுப் போகிறானே என்று அக்கா கேட்டார். ஈரம் என்றான், இரும்பு ராக் என்றான், பக்கத்து வைஃபை என்றான். எல்லாவற்றுக்கும் மருந்து போட்டுப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

இன்று ஒரேயடியாகப் பன்னிரண்டுக்கும் பொத்தானை அழுத்தினான். தோளில் கருவிப்பையோடு அறை அறையாக நடந்தான். கைபேசியில் பன்னிரண்டு எண்களும் பச்சையாக நின்றன.

"ஆபீஸ் திரையில அந்த நாலும் இன்னும் சாம்பலாத்தானே இருக்கு?" என்றார் அக்கா.

"அது கொஞ்சம் சோம்பேறிக்கா. என் போன்ல பாருங்க, எல்லாம் வருது. நாலாம் ரூம் உள்பக்கத்தது மேலதான் எனக்குச் சந்தேகம். அதை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போறேன், பிரிச்சுப் பாக்கணும்."

வேன் கிளம்பியது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட் மூடியிருந்தது. மச்சான் எஞ்சினை அணைத்தான். வெயில் கண்ணாடி வழியே மடியில் வந்து உட்கார்ந்தது. போன் அடித்தது.

"தம்பி, எல்லாம் போச்சு." அக்கா குரலில் கோபம்கூட இல்லை. "ஒண்ணுவிடாம சாம்பல். நான் பெட்டியைப் பிரிச்சு வைக்கப்போறேன்."

"இருங்கக்கா, இருங்க." கைபேசித் திரையைத் திறந்தான். பதினொன்று சாம்பல். ஒன்று மட்டும் பச்சை. நாலாம் அறை, உள்பக்கம்: முப்பத்துநாலு.

அவன் போனில் கத்தினான். "அக்கா! நாலாம் ரூமுக்கு ஓடுங்க! முப்பத்துநாலு காட்டுது! மச்சான், வண்டியைத் திருப்பு!"

"முன்னாடி லாரி, பின்னாடி பஸ். நீ இறங்கித் தள்ளுறியா?"

போனில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், மூச்சிரைப்பு. பிறகு, "தெர்மாமீட்டர் இருபத்திரண்டுதான் காட்டுது. உனக்கு வெயில்ல ஏதாவது ஆயிடுச்சா?"

"இருபத்திரண்டா? அப்ப முப்பத்துநாலு எங்கே?"

மச்சான் டாஷ்போர்டைச் சுட்டினான். கழற்றிக் கொண்டுவந்த சென்சார் வெயிலில் சமர்த்தாகப் படுத்திருந்தது. "இந்தா இருக்கு உன் நாலாம் ரூம். எனக்கும் முப்பத்துநாலுதான்ப்பா, வேர்த்துக் கொட்டுது."

அவன் சிரிக்கப்போனான். பாதியில் நின்றுவிட்டான். சரி, இது வேனில் இருக்கிறது, வேனின் வெப்பத்தைச் சொல்கிறது. ஆனால் ஆபீஸ் ஹப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதன் கிசுகிசுப்பு நடைவழியைத் தாண்டாது.

"என்ன முழிக்கிற?"

"இது பேசுது மச்சான்."

"பேசட்டும். யார்கிட்டப் பேசுது?"

அந்தக் கேள்வியை இந்தப் பத்து நாளில் அவன் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மெதுவாகக் கருவிப்பையை மடியில் எடுத்துவைத்து ஜிப்பைத் திறந்தான். பவர்பேங்கில் சொருகியபடி சோதனை ஹப் பச்சை விளக்கோடு விழித்துக்கொண்டிருந்தது. புதுச் சென்சார்களைச் சோதித்துப் பார்க்க வீட்டிலும் வெளியிலும் அணைக்காமலே வைத்திருப்பது. ஒவ்வொரு தடவையும் சேர்க்கைக் கதவைத் திறப்பது தொல்லையென்று எப்போதோ அதை நிரந்தரமாகத் திறந்துவைத்தவன் அவன்தான்.

பொத்தானை அழுத்தியதும் சென்சார், திறந்திருக்கும் கதவுகளில் எதன் சத்தம் உரக்கக் கேட்கிறதோ அங்கே நுழைந்துகொள்ளும். ஆபீஸ் ஹப்புக்கு வழிவிடும் பிளக் நடைவழியில் இருக்கிறது. இந்த ஹப்போ அவன் தோளிலேயே தொங்கியது! சிமிட்டிய விளக்கு 'சேர்ந்துவிட்டேன்' என்று மட்டும்தான் சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. அவன் கைபேசியும் இரண்டு ஹப்புகளின் எண்களையும் ஒரே பட்டியலில் கலந்து காட்டியது. அவன் பையோடு கிளம்பினால் சென்சார்கள் சொல்ல ஆளில்லாமல் காற்றில் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்.

"ஒவ்வொரு தடவையும் நான்தான் தூக்கிட்டுப் போயிருக்கேன்," என்றான்.

"பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி," என்றான் மச்சான்.

கேட் திறந்ததும் திரும்பினார்கள். மணி இரண்டரை. அக்கா வாசலில் நின்றார்.

"தப்பு என்னோடதுக்கா," என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னான். பவர்பேங்கைப் பிடுங்கி, பையை வேனிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அறை அறையாகப் போய்ப் பொத்தான்களை அழுத்தினான். இந்தத் தடவை ஆபீஸ் திரையிலேயே பச்சைக் கட்டங்கள் வரிசையாக ஏறின.

"நம்பலாமா?" என்றார் அக்கா. "நீ இங்கே இருக்கிறப்போ எப்பவும் எல்லாம் நல்லாத்தானே இருக்கும்?"

அவனுக்குச் சுருக்கென்றது. கேட்டதில் தப்பே இல்லை. "அப்ப நான் போறேன். அதுதான் சோதனை. நீங்க திரையைப் பார்த்துக்கிட்டே இருங்க."

மறுபடி அதே ரயில்வே கேட். இந்தத் தடவை திறந்திருந்தது. இருந்தாலும் ஓரங்கட்டிக் காத்திருந்தார்கள். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் போன் வந்தது.

"ஒண்ணாம் ரூம் ரெண்டும் இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு, இருக்கு." நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார். "அஞ்சு, ஆறு, இருக்கு. ஆனா நாலுல ஒண்ணுதான் பச்சை. உள்பக்கத்தது இன்னும் சாம்பல்."

அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எல்லா அறைக்கும் போனேனே. பையும் இல்லை, பவர்பேங்கும் இல்லை. பிறகு ஏன்?

மச்சான் பெருமூச்சு விட்டு, டாஷ்போர்டிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். இளஞ்சூடாக இருந்தது.

"அக்கா," என்றான், நாக்கைக் கடித்துக்கொண்டு. "அது என்கிட்ட இருக்கு. திருப்பி மாட்ட மறந்துட்டேன். இதோ கொண்டுவர்றேன்."

மறுமுனையில் அக்கா சிரித்த சத்தம் வந்தது. பத்து நாளில் முதல் தடவையாக.

"வேண்டாம், நாளைக்கு மாட்டு. அந்த ரூமுக்கு இன்னொண்ணு இருக்கில்ல, போதும். ஒண்ணு இல்லைன்னா இல்லைன்னு திரை சரியாச் சொல்லுதே, அதுதான் எனக்கு வேணும்." ஏதோ ஜிப் இழுபடும் ஓசை கேட்டது. "போனை வைக்கிறேன் தம்பி. துணியெல்லாம் மறுபடி அடுக்கணும்."