பெயர் இல்லாத மூன்று பிரதிகள்

விதிமுறைத் தாளை ஹாலிதா படித்தது முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான். அதற்குள் 214 பக்கங்களிலும் முத்திரை விழுந்திருந்தது.

ஜெபல் அலி துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சோதிக்கும் நிறுவனம் அது. வெளியே போகும் தாள் எதுவானாலும், அனுப்பும் பொறியாளரின் பெயர் முத்திரையைப் பக்கந்தோறும் குத்துவது ஆவணப் பிரிவில் அவள் வேலை. பதினோரு வருடப் பழக்கம். பொறியாளர் மேரெட் ப்ரைஸ் காலையில் கொடுத்த கட்டையும் கை தானாகக் குத்திவிட்டது. அதிலிருந்து அவர் கேட்ட மூன்று பிரதிகளும் எடுத்தாயிற்று.

அது ஆய்வறிக்கை அல்ல. வேல்ஸ்காரரான மேரெட் நான்கு வருடமாகத் தன் மொழியில் எழுதிய நாவல். அங்குள்ள இலக்கிய அமைப்பு ஒன்றின் பரிசுப் போட்டிக்குப் போகிறது. நடுவர்களுக்குப் புனைபெயர் மட்டுமே தெரிய வேண்டும். உண்மைப் பெயர் ஒட்டி மூடிய உறைக்குள் தனியாக இருக்கும். எந்தப் பக்கத்திலாவது பெயர் தென்பட்டால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தே முக்கால். பதினொன்றரைக்குக் கூரியர் வரும், அதற்குப் பிறகு இல்லை. கோப்பு மேரெட்டின் வீட்டுக் கணினியில் இருந்தது. மேரெட் தொட்டி வளாகத்தில். அங்கே கைப்பேசிக்கு அனுமதி கிடையாது.

அலுவலக உதவியாளர் பன்னீர்செல்வம்தான் வழி சொன்னார். முத்திரை அடி விளிம்பில்தானே இருக்கிறது, வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுக்கலாம் என்றார். இருபது இருபது தாளாக வெட்டி நகல் எடுத்தார்கள். 131ஆம் பக்கத்தில் முத்திரை கோணலாக ஏறி, கடைசி வரியை மூடியிருந்தது. தெரியாத மொழி, மைக்கு அடியில் எந்த எழுத்தும் பிடிபடவில்லை.

"அந்த ஒரு வரிய வெள்ளையடிச்சு விட்ருங்க மேடம். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"எழுதுனவங்க கண்டுபிடிப்பாங்கண்ணே."

மீதியிருந்த ஒரே வழி வாக்கி டாக்கி. அதில் பேசினால் சைட் முழுக்கக் கேட்கும், மேலாளர் விஜயபாஸ்கர் உட்பட. மணி பதினொன்று பத்து. ஹாலிதா பொத்தானை அழுத்தி மேரெட்டை அழைத்தாள். நடந்ததை ஆங்கிலத்தில் மறைக்காமல் சொன்னாள்.

குறுக்கே விஜயபாஸ்கரின் குரல் தமிழில் வந்தது. "ஹாலிதா, இது எந்த ப்ராஜெக்ட் டாக்குமென்ட்?"

"ப்ராஜெக்ட் இல்ல சார். மேரெட் மேடத்தோட சொந்த நாவல். கம்பெனி முத்திரையக் குத்தினது என் தப்பு."

"திங்கட்கிழமை காலைல என் ரூமுக்கு வாங்க. இப்ப சீக்கிரம் முடிச்சுட்டு லைன விடுங்க."

மேரெட் பேசினார். முந்தைய வரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, விடுபட்ட வரியை நினைவிலிருந்து எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஹாலிதா எழுதித் திருப்பிப் படித்தாள். மூன்றாவது சொல்லில் ஓர் எழுத்து தவறு. திருத்திவிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கோபமா நிதானமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. "சரி, அனுப்பு" என்று மட்டும் சொல்லி முடித்தார்.

முத்திரையை வெள்ளை மையால் அழித்து, அதன்மேல் வரியைக் கையால் எழுதி, அந்தப் பக்கத்தை மூன்று நகல் எடுத்து மற்றவற்றோடு சேர்த்தாள். கூரியர்க்காரர் வாசலிலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். பன்னீர்செல்வம் கட்டுகளை உறைக்குள் தள்ளி ஒட்டினார்.

படிவத்தில் அனுப்புபவர் பெயர் கேட்டிருந்தது. பேனா மேரெட் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நின்றது. ஹாலிதா அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கித் தன் பெயரை எழுதினாள்.