கட்டிலுக்கு அடியில்

பீரங்கிக் குண்டின் இரும்புக் கூட்டை அளந்து பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. இம்மி கோணல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் தொழிற்சாலையில் அவருக்கு ‘மயிரிழை’ என்றே பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார், உள்ளுக்குள் பெருமைதான்.

புதிதாக வந்த அரசு ஆயுதச் செலவைப் பாதியாக வெட்டி, அந்தப் பணத்தை மருத்துவமனைகளுக்குத் திருப்பியது. குண்டு செய்த அதே பட்டறையில் நோயாளிகளுக்குக் கட்டில் செய்யச் சொன்னார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. மயிரிழைக்குத்தான் மானமே போன மாதிரி இருந்தது.

“புலி பிடிச்சவனை எலி பிடிக்க விட்டுட்டாங்கய்யா” என்று டீ நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

கட்டில்கள் வரிசையாக வந்தன. அவர் பேச்சு சுவாரசியத்தில் முத்திரையைக் குத்திக்கொண்டே போனார்.

“அளவுக் கருவியை எடுக்கலையா?” என்று ஸ்டோர்காரர் கேட்டார்.

“படுக்கிற கட்டில்தானே? வானத்துலயா பறக்கப்போகுது?”

அந்த மழைக்காலத்தில் அவருடைய அண்ணிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கஞ்சி குடிக்க வைப்பதற்காக நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியபோது, கீழே வெல்டிங் விட்டுப்போய்த் தலைப்பக்கம் தடாரென்று இறங்கியது. தையல் பிரிந்து, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று.

அவர் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார். உடைந்த கட்டில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“எவனோ செஞ்ச குப்பைடா. நீ பார்த்திருந்தா விட்டிருப்பியா?” என்றார் அண்ணன்.

மயிரிழை குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தார். அவருடைய முத்திரை.

“நான்தாண்ணே பார்த்தேன்.”

அண்ணன் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அண்ணிதான் ஈனக்குரலில் கேட்டார். “குண்டெல்லாம் சரியா இருந்துச்சா தம்பி?”

குத்திக்காட்டுகிற குரலில்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் மயிரிழை மேலாளர் முன்னால் போய் நின்றார். “நான் முத்திரை குத்துன எல்லாக் கட்டிலையும் திரும்ப வாங்கணும் சார்.”

“வாங்கிட்டா நோயாளிங்க எங்கே படுப்பாங்க? நீங்களே போய்ச் சரி பண்ணுங்க.”

ஒரு வெல்டரை அழைத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போனார். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் தரையில் மல்லாந்து படுத்து, மூட்டு மூட்டாகப் பார்த்தார். விரிசல் விட்டவை நிறையவே இருந்தன. அண்ணி படுத்திருந்த வார்டுக்கு மட்டும் வெல்டரைத் தனியாக அனுப்பினார்.

ஒரு வார்டில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்திருந்த நோயாளி பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்: “நமக்காகத் தரையில உருண்டு வேலை பார்க்குறாரே மனுஷன், நல்லா இருக்கணும்.”

அந்தக் கட்டிலில் பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்திருந்தது. வெளியே வந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த மூட்டையே மறுபடி தடவிக்கொண்டு அவர் அடியிலேயே கிடந்தார்.